கிணற்றுக்குள் கிடக்கிற யூரியாவை மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசளைக்காகக் கமநல சேவை நிலையத்தின் முன்னால் கமக்காரர் வரிசையில் நிற்கும் படம் ஒன்றைப் போன கிழமை போட்டிருந்தீர்கள். அந்த வரிசையில் நானும் நின்றேன், படத்துக்குள் அகப்படவில்லை, அவ்வளவுதான். யூரியா கிடைக்கவில்லை என்று முறையிட இதை எழுதவில்லை, அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வெயிலில் நின்று நாங்கள் வாங்கப்போன அந்தச் சாமானில் ஒரு பங்கு எங்கள் தோட்டக் கிணறுகளுக்குள் ஏற்கனவே கரைந்து கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கே இது போன வருசம்தான் தெரிய வந்தது, அதுவும் ஒரு மீன்தொட்டியால்.

ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி வீட்டில் மீன் வளர்க்கிறான். தொட்டித் தண்ணீரில் நைத்திரேற்று, அதாவது யூரியாவும் மண்ணில் கடைசியாக மாறி நிற்கிற அந்தச் சத்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அங்கே மீன்கடையிலேயே சோதனைக் கீலங்கள் விற்கிறார்களாம், ஒரு சின்னப் பேணிக்குள் தீக்குச்சிபோல அடுக்கி. போன முறை கோயில் திருவிழாவுக்கு வந்தபோது அதில் ஒரு பேணியைக் கொண்டுவந்திருந்தான். வந்த மறுநாள் காலை பல் தீட்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போனவன், வாளியில் அள்ளி ஒரு கீலத்தைத் தோய்த்து எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நுனியில் இருந்த வெள்ளைச் சதுரம் மெல்ல ரோசா நிறமாகி, பிறகு நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. பேணியின் பக்கத்தில் நிறங்களை வரிசையாக அச்சிட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண் போட்டிருந்தார்கள்: 10, 25, 50, 100, 250. எங்கள் கீலம் 50ஐத் தாண்டி 100ஓடு ஒட்டிக்கொண்டு நின்றது. "அண்ணை, இந்தத் தண்ணியை நான் என்ரை மீனுக்கே விடமாட்டன்" என்றான். நாங்கள் நாற்பது வருசமாகக் குடிக்கிற தண்ணீர்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அன்றைக்கே ஒழுங்கையில் இருக்கிற ஆறு கிணறுகளிலும் தோய்த்துப் பார்த்தோம், பின்னால் பொடியன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். வெங்காயமும் புகையிலையும் போடுகிற தறைகளுக்கு நடுவே இருக்கும் கிணறுகள் எல்லாம் ஏறத்தாழ எங்கள் நிறம்தான். சுற்றிவர தோட்டமே இல்லாத கோயில் கிணற்றில் மட்டும் கீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வெளியே வந்தது. மீன்கடைக் கீலம் ஆய்வுகூடச் சோதனை ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒழுங்கையில், ஒரே கையால், ஒரே பேணியில் இருந்து எடுத்த கீலங்களில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் கீலம் இல்லை.

யாழ்ப்பாணக் கிணற்றில் நைத்திரேற்று வரம்பை மீறியிருக்கிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், அதன் பிறகும் எத்தனையோ பேர் அளந்திருக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நான் எழுதவரவில்லை. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எங்கள் கிணற்றில் மட்டும் மூன்று தடவை ஆட்கள் வந்து போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, கையில் படிவம் இருந்தது, வீட்டுக்காரி தேத்தண்ணியும் கொடுத்தா. ஒருத்தராவது திரும்பி வந்து 'ஐயா, உங்கள் கிணற்றில் இவ்வளவு' என்று சொன்னதில்லை. எங்கள் தண்ணீரின் எண் எங்கேயோ ஓர் அறிக்கையில் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

சரி, இது எப்படிக் கிணற்றுக்குள் போகிறது? எறிகிற யூரியா மண்ணில் ஈரம் பட்டதும் சில நாளில் அமோனியாவாகி, பிறகு நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்று ஆக்கிவிடும். பயிர் குடிப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான், ஆகவே நைத்திரேற்று என்பது ஏதோ நஞ்சு என்று நினைக்கவேண்டாம், பயிருக்கு அது சாப்பாடு. சிக்கல் என்னவென்றால், மண்ணின் துகள்களிலும் மறை மின்னேற்றம், நைத்திரேற்றிலும் மறை மின்னேற்றம், ஒன்றை ஒன்று பிடித்து வைத்திருக்காது, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். வேர் எட்டிப் பிடிக்கும் நேரத்துக்குள் பிடித்தால் உண்டு. வெங்காயத்தின் வேரோ ஒரு சாண் ஆழம். போடுகிற தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பயிர் எடுக்கிறது என்பது உலகம் முழுவதும் சொல்கிற கணக்கு, எங்களைப்போல இன்று பின்னேரம் யூரியா எறிந்து நாளை விடிய மெசினைப் போட்டுப் பாத்தி நிறையத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதியும் கிடைக்குமோ தெரியாது.

அப்புறம் எங்கள் நிலம். வலிகாமத்துச் செம்மண்ணைத் தோண்டினால் சில அடியிலேயே சுண்ணக்கல் தட்டுப்படும், அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மண் வடிகட்டித் தரும் என்ற நம்பிக்கையெல்லாம் களிமண் நாட்டுக்காரருக்குத்தான். இங்கே ஐப்பசி கார்த்திகையில் மாரி கொட்டும்போது கிணற்று நீர்மட்டம் எவ்வளவு கெதியாய் ஏறுகிறது என்று பார்த்திருப்பீர்கள், அந்த வேகத்திலேதான் மேலே கிடந்த பசளையும் இறங்குகிறது. வருசம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்று குடாநாட்டில் இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். கடல்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு நன்னீர்ப் படலம், அதுதான் எங்கள் சொத்து முழுவதும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களே, குடாநாடே ஒரு பெரிய நிலாவரைதான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாரும் ஒரு தடவை கடதாசியில் போட்டுப் பார்க்கவேண்டும். 50 கிலோ யூரியா, நாங்கள் ஓர் அந்தர் என்று சொல்வது, அதில் 46 வீதம் தழைச்சத்தான நைதரசன், அதாவது 23 கிலோ. ஒரு கிலோ நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் 4.4 கிலோ வரும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பில் வகுத்தால், கிணற்றுக்குப் போகிற ஒவ்வொரு கிலோ நைதரசனும் ஏறத்தாழ 88,000 லீற்றர் சுத்தமான தண்ணீரை வரம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறது. வீட்டுக் கூரையில் வைக்கிற 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி 88. அந்த ஒரு கிலோ நைதரசன் இருப்பது இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான யூரியாவில், அது ஒரு சின்ன வாளிக்கும் காணாது.

இதையே மறுபக்கமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர், 16 பரப்பு, அதில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் 100,000 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அப்படிப் பத்து இறைப்பு இறைத்தால் 10 லட்சம் லீற்றர். கிணற்றில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால் அந்தப் பத்து இறைப்பில் 100 கிலோ நைத்திரேற்றைத் தோட்டத்துக்கு விட்டிருக்கிறோம், அதில் இருக்கும் நைதரசன் 22.6 கிலோ. ஓர் அந்தர் யூரியா! பத்து இறைப்புக்கு ஓர் அந்தர், வரிசையில் நிற்காமல், சைக்கிளில் கட்டாமல், சும்மா வாய்க்காலால் வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல், போன வருசம் எவ்வளவு போட்டோமோ அதே அளவை இந்த வருசமும் கொண்டுவந்து கொட்டுகிறோம், அதில் மிஞ்சுவது திரும்பவும் கிணற்றுக்குப் போகிறது, அடுத்த போகத்துக்கு எண் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. தண்ணீரில் வருவது முழுவதையும் வேர் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பையில் வருவதையும் முழுவதும் பிடிப்பதில்லையே.

நானே செய்து பார்த்தேன். நாலு பரப்பு வெங்காயத்தில் இரண்டு பரப்புக்கு வழக்கமான அளவு, மற்ற இரண்டு பரப்புக்கு யூரியாவில் பாதிக்குச் சற்று மேல், அதையும் ஒரேயடியாக எறியாமல் மூன்று தடவையாகப் பிரித்து, இறைத்து ஈரம் சுவறிய பிறகு. முழு அளவு போட்ட பக்கம் தாள் கருகருவென்று நின்றது, ஒழுங்கையால் போனவர்கள் எல்லாம் 'அந்தப் பக்கம்தான் பயிர்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கிண்டி நிறுத்தபோது இரண்டு பக்கமும் என் தராசுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டித் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, கருகருவென்று நின்ற பக்கத்து வெங்காயம் கழுத்துத் தடித்து, முதலில் அழுகத் தொடங்கியது அதுதான். ஒரு போகத்துச் சங்கதி இது, ஆய்வு என்று சொல்லமாட்டேன். பக்கத்துத் தோட்டக்கார அண்ணை இன்னும் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, கடன்பட்டு விதை வெங்காயம் வாங்கினவருக்குக் குறைத்துப் போட்டுப் பார்க்கத் துணிவு எங்கிருந்து வரும், பசளைக் கடையில் கேட்டால் கூடப் போடு என்றுதான் சொல்வார்கள்.

தண்ணீரைக் குடிக்கிறவர்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது, அதனால்தான் நாங்கள் இவ்வளவு காலம் சும்மா இருந்தோம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்படியல்ல. உடம்புக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி இரத்தத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த இரத்தத்தால் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர் கமத்து வீட்டுக் குழந்தைகளிடம் இதைக் கண்டு, காரணம் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்தான் என்று எழுதினார். எங்கள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றபோது பால்மா கரைக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் எடுத்தோம், அது சரி என்று நினைத்துக்கொண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. நல்ல காலம், பேரனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, பெரும்பாலும் தாய்ப்பால்தான் குடித்தான், தாய் குடிக்கிற தண்ணீரில் உள்ளது பாலில் அந்த அளவுக்கு இறங்காது. இந்த ஒரு செய்தியையாவது கர்ப்பிணிகள் கிளினிக்கில் ஒரு தாளில் அடித்து ஒட்டலாம். புற்றுநோயோடு இதைத் தொடுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சில நிலைமைகளில் நைத்திரேற்று புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2010இல் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்காகக் கிணற்றடியில் நின்று ஒவ்வொரு வீட்டு நோயாளியையும் கைகாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாப் பழியையும் கமக்காரன் தலையில் கட்டாதீர்கள் என்று இந்த இடத்தில் யாராவது எழுதுவார்கள், அதில் நியாயம் உண்டு. நகரப் பக்கத்தில் இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கிறது, குழி அடியில் சீமெந்து கிடையாது, சுண்ணக்கல்லின் வெடிப்புத்தான். அங்கே நைத்திரேற்று வருவது அந்த வழியால். ஆனால் எங்கள் செம்மண் தோட்டங்களின் நடுவில், வீடே இல்லாத இடத்தில் நிற்கிற கிணற்றுக்கு எந்தக் குழியைச் சொல்வது? சுன்னாகத்தில் கிணற்றில் கழிவு எண்ணெய் மிதந்தபோது நாங்கள் எல்லாரும் தெருவுக்கு வந்தோம், வரத்தான் வேண்டும். எண்ணெய்க்கு நிறம் இருந்தது, மணம் இருந்தது, சத்தம்போட ஓர் எதிராளியும் இருந்தான். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, எறிந்த கை எங்களுடையது.

தடை போடச் சொல்லி நான் எழுதவில்லை, தயவுசெய்து அப்படித் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். யூரியா இல்லாத காலத்தை நாங்கள் இரண்டு தடவை பார்த்தவர்கள். யுத்த காலத்தில் தடைப்பொருள் பட்டியலில் பசளையும் இருந்தது, அப்போது பூவரசங்குழையும் சீமைக்கிளுவையும் வெட்டித் தாழ்த்தினோம், பட்டி அடைத்தோம், சணல் விதைத்து உழுதோம், விளைச்சல் குறைந்தாலும் தோட்டம் நின்றது. 2021 வைகாசியில் ஒரே இரவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, கார்த்திகையில் ஆட்டம் கண்டு திரும்பவும் திறந்துவிட்டார்களே, அதில் நாடு பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தடைக்குப் பிறகு 'பசளையைக் குறை' என்று யார் சொன்னாலும் கமக்காரன் சண்டைக்கு வருகிறான், அந்த ஏழு மாதம் செய்த பெரிய கெடுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குழாய்த் தண்ணீர் வருகுதுதானே, இனிக் கிணறு என்னவானால் என்ன என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் என்று தொடங்கி, கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்து, கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, நாளுக்கு 24,000 கனமீற்றர். நல்ல காரியம். ஆனால் கடல்தண்ணீரை நன்னீராக்க எவ்வளவு மின்சாரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள், காலடியில் கிடந்த நன்னீரை நாங்களே கெடுத்துவிட்டுத்தான் அந்தச் செலவுக்குப் போகிறோம். ஆர்.ஓ. இயந்திரம் பூட்டிப் போத்தல் தண்ணீர் விற்கிறவர்களும் அப்படித்தான், இயந்திரம் பிரித்தெடுத்த நைத்திரேற்று ஆவியாகிப் போகவில்லை, கழிவுத் தண்ணீரோடு பின்வளவில்தான் ஓடுகிறது.

மியூனிக் நகரத்தைப் பற்றித் தம்பி சொன்னான். அந்த நகரத்துக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் மங்ஃபால் என்ற பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது. அங்கே நைத்திரேற்று மெல்ல ஏறத் தொடங்கியதைக் கண்டு, வரம்பைத் தாண்டும்வரை காத்திருக்காமல், 1992 முதல் அந்தப் பள்ளத்தாக்கின் கமக்காரர்கள் இயற்கை முறைக்கு மாறுவதற்கு நகரத்தின் நீர் நிறுவனமே காசு கொடுத்து வருகிறது. பிறகு தண்ணீரைச் சுத்திகரிக்கிற செலவைவிட இது மலிவாம். எங்களுக்கு அவ்வளவு காசு யார் தருவார், அது தெரிந்ததுதான். ஆனால் கமக்காரனைக் குற்றவாளியாக நிறுத்தாமல் அவனோடு பேரம் பேசலாம் என்ற அந்த எண்ணத்துக்குக் காசு வேண்டாமே.

நான் கேட்பது அதைவிடச் சின்ன விசயம். வருசத்துக்கு இரண்டு தடவை, மாரி ஓய்ந்து தையில் ஒன்று, ஆவணி வறட்சியில் ஒன்று, தோட்டக் கிணறுகளை அளந்து அந்த எண்ணைக் கிணற்றுக்காரரின் கையில் கொடுங்கள். விவசாயப் போதனாசிரியர் பசளை அளவு சொல்லும்போது மண்ணை மட்டும் பார்க்காமல் அந்த எண்ணையும் பார்த்து, 'உங்கள் தண்ணீரிலேயே இவ்வளவு இருக்கிறது, இவ்வளவைக் குறையுங்கள்' என்று சொல்லட்டும். தண்ணீரைக் காக்கச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம், அரை அந்தர் மிச்சம் என்று சொன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்போம், எங்கள் குணம் எங்களுக்குத் தெரியும். வானிலை அறிக்கையில் மழை என்று சொன்னால் அந்தக் கிழமை யூரியாவைத் தொடவேண்டாம் என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னாலே மாரியில் பாதி தப்பும்.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள், காணியோடு சேர்த்துக் கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்கால் என்று எழுதியிருக்கும். என் அப்பாவின் உறுதியில் ஒரு கிணற்றில் ஆறில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்காக ஐயாமார் கோடேறி வழக்காடிப் பேசாமல் இருந்ததெல்லாம் உண்டு, யாருடைய முறையில் யார் ஒரு மணித்தியாலம் கூட இறைத்தான் என்று. மற்ற ஐந்து பங்குக்காரரின் தண்ணீருக்குள் நான் எறிந்த யூரியா எவ்வளவு இறங்கியது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் அவர்களைக் கேட்கவில்லை.

தம்பி விட்டுவிட்டுப் போன பேணியில் இன்னும் ஒன்பது கீலம் மிச்சம் இருக்கிறது. ஈரம் படாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் கழிய அதே ஆறு கிணறுகளிலும் கோயில் கிணற்றிலும் திரும்பத் தோய்த்துப் பார்த்து, வருகிற எண்களை எழுதி அனுப்புகிறேன், என் கிணற்றுடையதை முதலாவதாக. இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
கோப்பாய்த் தோட்டக்காரன் ஒருவன்